இடையில் ஆளில்லாத பேச்சு

பூமிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவி செந்தாமரை பிள்ளையார்பட்டியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. குழம்பு வைத்து மூடிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள்.

நாலைந்து நாள் பார்த்துவிட்டுக் கூப்பிடப் போனார்.

"அங்க எனக்கு என்ன இருக்கு?" என்றாள் அவள்.

"என்ன இருக்கா? மாடு இருக்கு. தோப்பு இருக்கு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தப்பாக என்ன சொன்னோம் என்று தன் ஊரான சிங்கம்புணரி வந்து சேரும்வரை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து தென்னந்தோப்பில் இறங்கியவர் அவர். மரத்தோடும் மாட்டோடும் வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியோடு நின்று பேசினால் வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கூச்சம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கேலி செய்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அழகி ஓடி வந்தாள். காரைக்குடியில் புருசன் பெண்டாட்டி மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க உதவும் காளீஸ்வரி என்றொரு கவுன்சிலர் இருக்கிறார், அவரிடம் போவோம் என்றாள். ஏதோ பஞ்சாயத்து என்று நினைத்துக்கொண்ட பூமிநாதன், வெள்ளை வேட்டி உடுத்தினார். சாட்சிக்குப் பங்காளி சேவுகப்பெருமாளைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அழகி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த அறை. முதலில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார் காளீஸ்வரி.

"சொல்லுங்கய்யா, என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலம்மா. நான் குடிக்கிறதில்ல, கை நீட்டினதில்ல. இத்தனை வருசத்துல அவள ஒரு வார்த்த சொன்னதில்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட இல்ல" என்றார் பெருமையாக. அந்த அம்மாள் ஏன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. "தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லிருங்க. கட்டுப்படுறேன்."

"அத நான் சொல்ல மாட்டேன்யா. ரெண்டு பேரையும் தனித்தனியா கேப்பேன். அப்பறம் சேத்து வச்சுக் கேப்பேன்."

அடுத்து செந்தாமரை உள்ளே போனாள். அண்ணன் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூமிநாதனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. செந்தாமரைதான். அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. கோபித்துக்கொண்டு போனவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அவள் வந்ததும் கவுன்சிலரிடம் ஓடினார்.

"என்னம்மா சொன்னா?"

"அத அவுககிட்டதான் கேக்கணும்."

இதற்கு எதற்கு ஒரு கவுன்சிலர் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு மூவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். பழக்கப்பட்ட மாதிரி அழகி நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். பேசுங்கள் என்றார் காளீஸ்வரி. பூமிநாதன் மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா எப்ப வரும்னு கேளு."

செந்தாமரையும் மகளைத்தான் பார்த்தாள். "எதுக்கு வரணும்னு உங்கப்பாட்ட கேளு."

அழகி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகையில் தோள் குலுங்கியது.

"இந்த வேலைய எப்பயிருந்து பாக்குறம்மா?" என்று கேட்டார் காளீஸ்வரி.

"பேச்சு வந்த நாள்லருந்து. சாப்பிடக் கூப்பிடு, தண்ணி எடுத்தாரச் சொல்லு... எல்லாம் நாந்தான். இப்பவும் கோயம்புத்தூர்லருந்து இவுகளுக்கு ஒரு போனு, அவுகளுக்கு ஒரு போனு. ஒருநா பேசாட்டி ரெண்டு பேரும் பட்டினியா கெடப்பாகளோன்னு பயமா இருக்கு. என் வீட்டுக்காரர்கூட நிம்மதியா உக்காந்து பேச முடியல."

பூமிநாதன், மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார்.

காளீஸ்வரி அழகியை ஜன்னலோரம் போய் உட்காரச் சொன்னார். நடுவில் காலி நாற்காலி. "இப்ப நேரா பேசுங்கய்யா."

அவருக்கு எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார்.

"இந்தா... நீ போனப்பறம், கெணத்து மேட்டு மரத்துல இடி விழுந்துருச்சு. அத யார்ட்ட சொல்றதுன்னு தெரியல."

செந்தாமரை நிமிர்ந்தாள். "கெணத்து மேட்டு மரமா? அது நான் வச்ச கன்னுல்ல."

"நீயா வச்ச?"

"கல்யாணமாகி வந்த வருசம் வச்சேன். தண்ணி தூக்கித் தூக்கி ஊத்துனேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க எப்பக் கேட்டீக?"

அவள் குரல் உயர்ந்தது. அவர் குரலும் உயர்ந்தது. உரம் வைத்தபோது, புது மாட்டுக்கொட்டகை போட்டபோது, அழகிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தன்னை ஒரு வார்த்தை கேட்காதது என்று எல்லாவற்றையும் அவள் கொட்டினாள். காளீஸ்வரி குறுக்கே வரவில்லை.

படியிறங்கப் போனவர் திரும்பி வந்து கேட்டார். "இது நல்லதாம்மா, கெட்டதா?"

"இப்பத்தானய்யா ஆரம்பிச்சிருக்கீக. அடுத்த வாரமும் வாங்க."

செந்தாமரை அன்றைக்கு அவரோடு வரவில்லை. ஆனாலும் வாராவாரம் காரைக்குடிக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து பேசிவிட்டு, மறுபடி ஆளுக்கொரு பஸ் ஏறினார்கள். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவளாகவே வீடு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்க அவருக்குப் பயம்.

இப்போது வீட்டில் சத்தம் குறைவதில்லை. "எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், தினம் ஒன்றுக்காவது வாதாடித் தோற்கிறார். அழகி போன் செய்வது குறைந்துவிட்டது. அதில் அவருக்கு நிம்மதியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது.

போன வாரம், பட்டுப்போன மரத்தை வெட்டிய இடத்தில் என்ன கன்று வைக்கலாம் என்று அவளைக் கேட்டார்.

"மா வைங்க" என்றாள் செந்தாமரை.

தென்னந்தோப்புக்குள் மாமரமா? அவருக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஆனாலும் நர்சரிக்குப் புறப்பட்டார். ஏன் புறப்பட்டோம் என்று போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.