பெயர் போடாத தலைவர்

எங்கள் அப்பா நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்த்தார். ஆனால் டவுன்ஷிப்பில் அவர் பிரபலமானது வேறொரு வேலைக்காக. பொங்கல் விழாவோ, பணி ஓய்வுப் பாராட்டோ, எந்த மேடையானாலும் வரவேற்புரைக்கு 'அவர்களே' பட்டியல் எழுதித் தருகிற ஆள் அவர்தான். யாரை முதலில் அழைப்பது, யாருக்கு என்ன அடைமொழி, யாரை விட்டால் யார் சாப்பிடாமல் எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமைச்சர் என்றால் மாண்புமிகு. அதையே ஒன்றியக் குழுத் தலைவருக்கும் போட்டுவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ.வுக்கு முகம் சுருங்கும். தோற்றுப்போனவருக்கு 'முன்னாள்' போட்டால் அவருக்கு வருத்தம். போடாவிட்டால் 'இந்நாள்' சண்டைக்கு வருவார். பெண் என்றால் தலைவி என்று எழுதலாமா என்று கேட்பவர்களிடம், "பதவிக்கு வேட்டி, சேலையெல்லாம் கிடையாதுங்க. தலைவர்னே போடுங்க" என்பார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் காகிதமும் கையுமாக எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்பதைப் பார்த்தால் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த தன் ஊரில் ஊராட்சி மன்றத் தலைவரானார். அந்தத் தடவை அங்கே தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தேர்தலில் நிற்கத் துடித்துக்கொண்டிருந்த மாமா, வேறு வழியில்லாமல் அத்தையை நிறுத்தினார். சுவரொட்டியில் அத்தை படம் சிறியது. பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த மாமா படம் பெரியது. ஜெயித்த மறுநாளிலிருந்து ஊரே மாமாவைத் 'தலைவரே' என்றது. டீக்கடையில் தலைவர், கல்யாண வீட்டில் தலைவர். அத்தை 'தலைவரு வூட்டம்மா' ஆனார். எனக்கு இதில் விநோதம் எதுவும் தெரியவில்லை. கலெக்டரின் மனைவியை யாராவது கலெக்டர் என்றா கூப்பிடுகிறார்கள் என்பது என் நியாயம்.

அந்த ஊரின் தெற்குத் தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர் வராது. அத்தை ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து ஒரு மேல்நிலைத் தொட்டி வாங்கிவந்தார். மாமா பைக்கில் கொண்டுபோய் விடுவார். மனுவோடு வரிசையில் நின்றதெல்லாம் அத்தைதான். தொட்டித் திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வருவதாக முடிவானதும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வரவேற்புரைய நம்ம மருமவ பேசட்டும் மச்சான். டவுன்ஷிப் ஸ்கூல் புள்ள, கணீர்னு இருக்கும்" என்றார். நான் கதவோரம் நின்று பூரித்துப் போனேன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தலைவர்னு வர்ற எடத்துல என் பேரப் போட்டுருங்க. ஊரே அப்பிடித்தான கூப்புட்டுகினு இருக்குது" என்றார்.

"ஜெயிச்சது அவ இல்லையா மாப்ள?" என்று கேட்டார் அப்பா.

"நான் இல்லன்னா சொன்னன்? கடைசியா துணைவியார்னு அவளயும் ஒரு வரி போடுங்க."

மாமா பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். அம்மா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க தமிழால உங்க தங்கச்சி வீட்ல சண்டை வரணுமா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து அத்தை ஒரு தூக்கில் பலாச்சுளையோடு வந்தார். எனக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே, "ஒவ்வொரு பேரா படிக்கசொல்ல அவங்கவங்க எழுந்து கும்புடுவாங்க இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்னயும் கூப்புடுவியா பாப்பா?" என்றார்.

"லிஸ்ட்ல இருந்தா கூப்பிடுவேன் அத்தை" என்றேன் நான், பெரிய அதிகாரி போல. அத்தை சிரித்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாக மேசை டிராயரில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அன்று மாலையே பட்டியல் தயாரானது. எல்லோருக்கும் பெயரும் பதவியும் சேர்ந்திருக்க, நான்காவது வரியில் மட்டும் 'ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே' என்று மொட்டையாக இருந்தது. யார் பெயர் என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுதியிருக்கிறத அப்படியே படி. யாரையும் பாக்காத" என்றார். மாமாவுக்கும் பாதகமில்லை, அத்தைக்கும் பாதகமில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

விழா அன்று தொட்டிக்குக் கீழே பந்தல். மேடை நாற்காலிகளில் எம்.எல்.ஏ., ஒன்றியக் குழுத் தலைவர், பி.டி.ஓ., வெள்ளை வேட்டி சட்டையில் மாமா. அத்தை பட்டுச்சேலையில், கீழே பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்து கும்பிட, கைதட்டல் வந்தது. எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது.

"ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே!"

மாமா எழுந்தார். அதே நேரம் கீழே அத்தையும் எழுந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து, கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. தொடங்கிய கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எம்.எல்.ஏ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமாவின் கும்பிட்ட கை இறங்கவும் இல்லை, நிலைக்கவும் இல்லை.

எனக்குப் பதறிவிட்டது. என் பேச்சு கெடுகிறதே என்ற பதற்றம். பாவம், அத்தை ஏதோ குழப்பத்தில் எழுந்துவிட்டார், உதவ வேண்டும் என்று தோன்றியது.

"அத்தை, நீங்க உக்காருங்க."

ஒலிபெருக்கிக் குழாய் அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது. பந்தலே சிரித்தது. அத்தை உட்கார்ந்தார். மாமாவுக்கு இப்போது முழுசாகக் கைதட்டினார்கள். நான் ஐந்தாவது வரியைப் படித்தேன்.

எம்.எல்.ஏ. என்னைக் கிட்டே கூப்பிட்டு, நல்ல சமயோசிதம் என்று தட்டிக்கொடுத்தார். மாமாவுக்குப் பல் அத்தனையும் தெரிந்தது. விருந்தில் அத்தைதான் எனக்குப் பரிமாறினார். "தொண்ட வறண்டுபோச்சா பாப்பா?" என்று கேட்டு, வெந்நீர் ஆற்றிக் கொடுத்தார். நன்றியில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே, "பேரப் போட்டிருக்கணும்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். "விடுங்கப்பா, நான்தான் சமாளிச்சிட்டேனே" என்று அவரைத் தேற்றினேன்.

மீதியிருந்த நான்கரை வருடங்களில் அத்தை எந்த விழாவுக்கும் போகவில்லை. கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கே வந்தது. இத்தனைக்கும் மாமாவோ, ஊர்ப் பெரியவர்களோ அவர் முகத்துக்கு நேராக உட்கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருக்கவில்லை. அன்று இருவரும் நின்றுகொண்டிருந்தபோது, யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. அது மாமாவாகவும் இருந்திருக்கலாம். அதற்கு நான் இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும் என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.