டில்லிக்குப் போன முறைத்தண்ணீர் மனு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவர்களில் இந்தத் தேசத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மலையாளச் சீமையின் எல்லையில், தமிழ் பேசும் எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

நெருக்கடி நிலை முடிந்து ஆட்சி மாறியிருந்த சமயம். ஐந்து வருஷமாக இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை முன்பே ஆறாக நீட்டியிருந்தார்கள். அதை மறுபடி ஐந்தாக்கப் போகிறார்கள் என்று முடிவெட்டும் கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். பாதிச் சவரத்தில் நான் எழுந்துவிட்டேன்.

"நீட்டவும் முடியுது, கொறைக்கவும் முடியுதுன்னா, ஒரே ஆளு எத்தன தடவ எம்.பி.யா இருக்கலாம்னு ஒரு வரி சேக்க முடியாதுங்களா?"

"மொதல்ல உக்காருங்க, காது போயிரும்," என்றார் கடைக்காரர்.

எங்கள் எம்.பி. மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நல்ல கேள்வி ஒன்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை அப்படியே விட மனமில்லை.

மறுநாளே பஸ் ஏறி, எங்கள் தாலுகா ஆபீஸ் இருக்கும் சித்தூரில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். நிலம் வாங்கியது, விற்றது தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத மனிதர். எம்.பி. பதவியைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்ட நிலம் மாதிரி எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாட்டம்னு எழுதினா மாட்டிக்குவீங்க. பாட்டத்துக்கு உழுதவனுக்கே நெலஞ் சொந்தம்னு சட்டம் வந்தாச்சு. எம்.பி.யும் இருந்து இருந்து நாளைக்குத் தம் பேருக்குப் பட்டயம் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் கிணற்றுக்கு நான்கு பங்குதாரர்கள். ஆளுக்கு ஒரு நாள் முறைத்தண்ணீர். முறை முடிந்தால் பாத்தி பாதி காய்ந்து கிடந்தாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு நகர வேண்டும். முறையை யாரும் பட்டயம் போட்டுக்கொள்ள முடியாது. "அப்படி எழுதுங்க," என்றேன். எழுதினார். ஐந்தாண்டு என்பது ஒரு முறை, ஓர் ஆளுக்கு இரண்டு முறைதான், அதன் பிறகு மடையை அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டியது. அதற்கேற்ப அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியது. மலையாளத்தில் எழுதி, தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். பழக்க தோஷத்தில் கடைசியில் நிலத்துக்கு எழுதுவது போல் நான்கெல்லை எழுதப் போனார். நான்தான் தடுத்தேன்.

கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினேன். கடலைக்காடு, கரும்புக்காடு எதையும் விடவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பெருவிரலில் மை தடவியபடியே கேட்டாள்: "ஏனுங்க, இது எம்.பி.க்கு மட்டுந்தானுங்களா, மாமியாளுக்கும் உண்டுங்களா?" காடே சிரித்தது.

ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கித்தான் அனுப்புவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பாக்கி இருந்தது ஒரே ஒருவர், என் பெரியப்பா மகன். கிணற்றில் அவரும் பங்குதாரர். மற்ற இரண்டு பங்குதாரர்களும் கிணற்றடியில் நின்றிருக்க, தாளை அவரிடம் நீட்டினேன்.

முழுதும் படித்தார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. மோட்டார் ரூம் சாவி ஆருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டத்தானுங்ணா."

"எத்தன வருசமா?"

மோட்டார் வைத்த நாளிலிருந்து. ஒன்பது வருஷம். மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்து கனெக்‌ஷன் வாங்கியவன் நான். சாவி என்னிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? கரண்ட் போனால் இழந்த நேரத்தை யாருக்கு எப்போது ஈடுகட்டுவது என்று சொல்வதும் சாவிக்காரன்தான். அந்தக் கிணற்றடியில் நான் சொன்னதுதான் சட்டம்.

"டில்லிக்காரன் ரெண்டு மொறையில எறங்கோணும், நீ மட்டும் எறங்க மாட்ட. சாவியக் குடு, கையெழுத்துப் போடறேன்," என்றார். மற்ற இருவரும் வரப்பைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. சாவியை விட்டால் கிணற்றடியில் நானும் நான்கில் ஒருவன். விடாவிட்டால் கடைத்தெருவில் அனுப்பாத மனுக்காரன் என்றே பெயர் நிலைத்துவிடும்.

என் மனைவி குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஊரு பூராக் கைநாட்டு வாங்கிப்போட்டு இப்ப ஊட்டுக்குள்ள குந்தீட்டா எப்படிங்க? சாவி போனாக் கெணறா கூடப் போயிரும்?"

மூன்றாம் நாள் காலையில் அண்ணனின் வீட்டுக்கே போய்ச் சாவியை அவர் கையில் வைத்தேன். "ரெண்டே வருசமுங்ணா. அப்பறம் அடுத்த பங்குக்காரரு," என்றேன். தலையாட்டிவிட்டு, கொட்டை கொட்டையாகக் கையெழுத்துப் போட்டார். மனுவை அன்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். சில மாதம் கழித்து, மனு வந்து சேர்ந்தது என்று டில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன். திருத்தம் மட்டும் வரவில்லை.

அண்ணன் சாவி வாங்கிய வாரத்தில் என் முறை வந்தது. கரும்புக்குப் பாதி பாயும்போது கரண்ட் போய், என் முறை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் போய் இன்னொருவரிடம் கேட்க வேண்டியதாயிற்று.

"ஏனுங்ணா, என்ற மீதி நேரம்?"

மோட்டார் ரூம் வாசலில் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு மனு எழுதிக் குடு தம்பி, பாக்கலாம்."

கூட நின்ற பங்குதாரர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்த துண்டுக் காகிதத்தில், யார் உதவியும் இல்லாமல் நானே தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே என் கரும்புக்குத் தண்ணீர் வந்தது.