மணிக்குள் போன காப்பு

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. எனக்கு ஏழு வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது. கோயில் மணி கீறல் விட்டுவிட்டதால் புது மணி வார்க்க முடிவானது. ஊரார் ஓட்டை உடைசல் வெண்கலத்தை எல்லாம் பக்தியோடு கொடுத்தார்கள். நல்ல பானையைக் கொடுத்தவர் எவருமில்லை.

நேர்ந்துகொண்ட பெண்கள் ஆற்றில் முங்கி, ஈரச்சேலையோடு வந்து, தங்கள் கையாலேயே பொன்னோ வெள்ளியோ உருக்கப்போகிற வெண்கலத்தோடு போடுவது வழக்கம். காலையில் உலை மூட்டுமுன்பே எல்லாரும் போட்டாயிற்று. சித்தி மட்டும் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தே இருந்தாள். கையில் சின்னஞ்சிறு வெள்ளிக் காப்பு. என் மரப்பாச்சிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கேட்டேன், தரவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

கோயிலுக்குப் பின்னால் துருத்தி ஊத ஊதக் கரி கனன்றது. மண் மூசைக்குள் வெண்கலம் குழம்பாகி, மேலே பச்சைத் தழல் எழுந்தது. இனி அச்சில் ஊற்ற வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, தலையும் சேலையும் சொட்டச் சொட்டச் சித்தி ஓடிவந்தாள்.

"தாயி, அங்கனயே நில்லுங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விழுந்தாலும் வெடிச்சுச் சிதறிரும்" என்றார் வார்ப்புக்காரர்.

அவள் நிற்கவில்லை. துருத்தி ஊதியவர்கள் எழுந்து ஓடினார்கள். சித்தப்பா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி, செத்துருவ, நில்லு."

"விடுங்க. என் கையால போடணும்னு நேந்திருக்கேன்."

சேலைத் தண்ணீர் தரையில் ஓடி உலையை நெருங்கியது.

வார்ப்புக்காரர் நீளக் காம்புள்ள கரண்டியை அவளிடம் நீட்டினார். "காப்ப இதுல வைங்க. ஈரம் காயட்டும். பொறவு அங்கன நின்னே நீங்க கவுத்துங்க."

கரண்டி தழலருகே காய்ந்தது. குழம்பு ஆறிவிடக் கூடாதென்று ஓடியவர்கள் திரும்பி வந்து ஊதினார்கள். சித்தி காம்பைப் பிடித்தாள், வெகுநேரம் கவிழ்க்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பையக் கவிழ்த்தாள். என் மரப்பாச்சிக்குக் கிடைக்க வேண்டியது வீணாய்ப் போனதே என்று நான் அழுதேன்.

மணி ஏறிய அன்று முதல் ஓசைக்கு ஊரே கைகூப்பியது. சித்தி மட்டும் சட்டென்று திரும்பி, "இந்தா வாரேன்யா" என்றாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குப் பிள்ளையே பிறந்ததில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"ஒன்னைய யாரு சித்தி கூப்பிட்டா?" என்று கேட்டேன்.