சிலுவை முத்தி வரிசை

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் பக்தி வரும், எனக்குப் பசி வரும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்காது. மூன்று மணி வழிபாடு முடிந்த பிறகு கோயில் வளாகத்தில் ஊற்றும் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான் அன்றைய சாப்பாடு.

எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், சீமைக்கருவேலம் மட்டும் சந்தோஷமாகத் தழைக்கும் ஊர் எங்களுடையது.

அம்மாவுக்கு ஒரே தம்பி, என் தாய்மாமா. அவர் இரண்டு வருடம் முன்பு மல்லாங்கிணறில் ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண்ணை விரும்பி ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தார். பெண் இந்து. கோயிலில் தாலி கட்டாததால் மாமாவுக்குப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க முடியாமல் போயிற்று. பங்குச் சாமியார்கூட அவரைக் கண்டால் நின்று சிரித்துப் பேசுவார். அப்பா பேச மாட்டார். அப்பா சாமியாரைவிடப் பெரிய கத்தோலிக்கர்.

"அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. நீயும் அங்க போகக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அழுதிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, யாருக்கும் தடையில்லை. நன்மை வாங்காதவர்கள் வருவார்கள், ஊரிலுள்ள இந்துக்களும் வருவார்கள். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. பீடத்துக்கு முன்னால் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கே இரண்டு வரிசையும் வந்து சேரும். இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஓர் ஆண், இருவரும் ஒன்றாக முழங்காலிட்டு ஆண்டவரின் பாதத்தில் முத்தி செய்துவிட்டு எழ வேண்டும். போன வருடம் தற்செயலாக அம்மாவும் மாமாவும் அப்படி ஜோடியாக முழங்காலிட்டிருக்கிறார்கள். "நல்லாருக்கியாக்கா?" என்று மாமா மெல்லக் கேட்டாராம். அதை வைத்துக்கொண்டு அம்மா ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறாள். இதையெல்லாம் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

அந்த வருடம் மாமாவின் பஸ் பிந்திவிட்டது போலிருக்கிறது. நானும் அம்மாவும் நின்ற பெண்கள் வரிசை பாதி நகர்ந்த பிறகுதான் அவர் வந்து ஆண்கள் வரிசையின் வாலில் நின்றார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பின் அவளுக்குத் திடீரென்று மூட்டுவலி வந்துவிட்டது.

"நீங்க முந்திப் போங்க மதினி, எனக்கு மூட்டு வலிக்கி" என்று பின்னால் நின்றவளை முன்னே விட்டாள். அடுத்தவளையும் விட்டாள். கைப்பிள்ளைக்காரி, கிழவி, பள்ளிக்கூட டீச்சர் என்று ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் முன்னால் போவதற்குப் பதில் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வெளியே அண்டா உருட்டும் சத்தம் கேட்டது. துவையல் எப்போதும் முதலில் தீர்ந்துவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டு நின்று கோயிலே அமைதியாக இருந்த நேரம் பார்த்து, "எம்மா, எல்லாரையும் முன்னால விட்டுட்டு நீ எதுக்கு இங்கனயே நிக்க?" என்று கத்திவிட்டேன்.

தூண் ஓரமாக நின்ற அப்பா திரும்பினார். முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு ஆண்கள் வரிசையின் கடைசியைப் பார்த்தார்.  அவ்வளவு போதும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். யாரோ ஒரு சைக்கிள் கடைக்காரரோடு சேர்ந்து முழங்காலிட்டாள். மாமாவுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அந்த மழைக்காலத்திலேயே மாமா குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அம்மா சாகும்வரை அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளவில்லை. இன்று எந்தக் கோயிலில் சிலுவை முத்தி நடந்தாலும் எனக்குப் பின்னால் நிற்பவர்களை முன்னே விட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. யாருக்காகக் காத்திருப்பது?

அம்மா அன்று சிலுவையடியிலிருந்து எழுந்திருக்கவே நேரமாயிற்று. ஆண்டவரின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "என்னா பக்தி பாருங்க!" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரிலேயே எங்கள் அம்மாதான் ஆண்டவருக்காக அதிகம் அழுகிறாள் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.