மஞ்சள் காட்டுக் கிணறும் பித்தளை விளக்குக் காரும்

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே, மிட்டாதார் கைலாசத்தின் பண்ணையில் டிரைவர் அங்கமுத்து என்றொருவன் இருந்தான். டிரைவர் என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டதே தவிர, யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட பிறகு அவன் எதையும் ஓட்டவில்லை. நிற்கிற காருக்கு டிரைவர் எதற்கு என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவன் மல்லுக்கு நின்றான். அந்த வீம்பில் பாதியைப் பிழைப்பில் காட்டியிருந்தால் கொஞ்சம் மேலே வந்திருப்பான்.

ஆனால் அந்தக் கார் லேசுப்பட்டதல்ல. முதல் யுத்தத்துக்கு முன்பே, கைலாசத்தின் அப்பா சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. துணி மூடி, மரச் சட்டம் போட்ட சக்கரங்கள், முன்னால் தேங்காய்ப் பருமனில் இரண்டு பித்தளை விளக்குகள். அதே மாதிரி வண்டி சேலம் ஜில்லாவில் மூன்று இருந்ததாகச் சொல்வார்கள். ஒன்று மலைப்பாதையில் உருண்டு போனது. இன்னொன்றுக்கு வேறு இஞ்சினைப் போட்டு யாரோ கருவாடு ஏற்றினார்கள். பிறந்த இஞ்சினோடு மிஞ்சியது இது மட்டும்தான். இஞ்சினில் கொத்தியிருந்த எண்ணும், உடம்பில் அறைந்திருந்த தகட்டின் எண்ணும் ஒன்றே. அங்கமுத்துவுக்கு எழுத்து வாசனை கிடையாது. என்றாலும் இரண்டையும் விரலால் தடவிக் காட்டி, “பாருங்க, ஒரே வளைவு, ஒரே கோடு. இது இந்த ஒடம்புக்குன்னே பொறந்த உசுருங்க” என்பான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்குக் கண் கலங்கும்.

கார் வந்த காலத்தில் அதை ஓட்டப் பட்டணத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். சில வருஷம் தாக்குப்பிடித்தார். கம்பங்கூழ் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிவிட்டார். வண்டி கழுவ நின்ற அங்கமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். அப்போது அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மிட்டாதார் வீட்டுக் கல்யாணங்கள், கோர்ட்டு வாய்தாக்கள், கலெக்டர் வரவேற்புகள் எல்லாவற்றுக்கும் அவன்தான். வழியில் நிற்கிற கூட்டம் காரைப் பார்க்கும். அவனோ, தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

அவன் மனைவி சாலம்மாள் அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறச் சொன்னவரும் இல்லை. பிள்ளையில்லாத வீடு. காலம் முழுக்க அடுத்தவர் காட்டில் களை வெட்டிய அவள், அந்த வருஷம் மிட்டாதாரிடம் கெஞ்சி, பெரிய கிணற்றுக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தை, விளைவதில் பங்கு தருவதாக வாரத்துக்கு வாங்கி மஞ்சள் வைத்திருந்தாள். தன்னுடையது என்று அவள் வைத்த முதல் வெள்ளாமை. இலைகள் இடுப்பு உயரம் வந்ததும், வேலை இல்லாதபோதும் வரப்பில் போய் நின்றுகொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. போதாக்குறைக்கு மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்து, கவலை பூட்டித் தோல் பையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எருதுகளில் ஒரே ஒரு சோடிதான் எழுந்து நின்றது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆழத்தில் இருந்தது. ஒரு சோடி எருது நாள் முழுக்க இறைத்தாலும் வாய்க்கால் பாதி தூரம் நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மஞ்சள் இலை ஓரம் கருகத் தொடங்கியது.

அப்போதுதான் கைலாசத்துக்கு அந்த யோசனை தோன்றியது. சேலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ்களுக்கு அடுப்பு பொருத்துகிற பிட்டர் கண்ணுசாமியை வரவழைத்துக் காரைக் காட்டினார். இஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் இறுக்கி, கரி அடுப்பை மாட்டிவிட்டால் நான்கு சோடி எருதின் வேலையைச் செய்யும் என்றார் கண்ணுசாமி.

அங்கமுத்து மிட்டாதாரின் காலில் விழுந்தான்.

“சாமி, வேண்டாங்க சாமி. கரிப்பொகை உள்ள போனா அது செத்துப்போகுமுங்க. கழட்டிப்போட்டா மறுக்கா சேராதுங்க.”

“அங்கமுத்து, எந்திரி. மஞ்சக்காடு பூராத்தையும் காய உட்டுப்போட்டு, இந்தப் பித்தளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?”

“காரா ஓடறதுக்குன்னு வந்ததுங்க அது.”

“எங்கடா ஓடுது? ஓட்டாதீங்க, தேய்ஞ்சு போகும், சாமான் கெடைக்காதுன்னு ரெண்டு வருசமா நீதானே போத்தி வெச்சிருக்கே?”

அவர் சொன்னது உண்மை. உதிரிச் சாமான் வருகிற கப்பல்கள் நின்றுபோனதும், ஓட்டினால் கெட்டுவிடும் என்று பயந்து காரைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தியவன் அவனேதான். பெட்ரோல் கொஞ்சம் கிடைத்த மாதங்களில்கூட வயிற்று வலி, டயர் சரியில்லை என்று சாக்குச் சொல்லி மிட்டாதாரை மாட்டு வண்டியில் அனுப்பியிருக்கிறான்.

கைலாசம் கல்நெஞ்சக்காரர் அல்ல. அப்பா வாங்கிய வண்டி என்ற பிடிப்பு அவருக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கென்று கூப்பன் வாங்கி வைத்திருந்தார்.

“காரு எங்களை நாமக்கல் கூட்டிக்கிட்டுப் போயி, தள்ளாம இழுக்காம ஊடு கொண்டாந்து சேத்துச்சுன்னா, அது காராவே இருக்கட்டும். கெணத்துக்கு வேற வழி பாக்கறேன். வழியில நின்னுச்சுன்னா மறுநாளே கண்ணுசாமி கழட்டுவாரு. அதுக்கப்பறம் நீ எங்கிட்ட அழுவப்படாது.”

அங்கமுத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான். இஞ்சினைக் கிளப்புகிற கைப்பிடியை முன்னால் மாட்டிச் சுற்றினான். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினான். கைப்பிடி இம்மி நகரவில்லை.

என்ன ஆயிற்று என்றால், அவன் செய்த காரியம்தான். அந்தப் பக்கத்து ஊர்களில் எதைப் பாதுகாக்க வேண்டுமானாலும் விளக்கெண்ணெய்தான். கவலையின் தோல் பை வெடிக்காமலிருக்க விளக்கெண்ணெய். வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய். குழந்தை வயிற்றுக்கும் தலைச்சூட்டுக்கும் அதுவே. காட்டோரமெல்லாம் கொட்டமுத்து என்கிற ஆமணக்குச் செடி நிற்கையில் வேறெதைத் தேடுவது? இஞ்சின் துருப்பிடிக்கக் கூடாதென்று, பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன் மேலெல்லாம் அவன் நல்ல செக்கு விளக்கெண்ணெயாக ஊற்றி நிரப்பியிருந்தான். நின்ற இடத்தில் அது அரக்காக இறுகிவிட்டது. துரு ஏறவில்லை என்பது மெய். உள்ளே எதுவும் அசையவும் வழியில்லை.

மண்ணெண்ணெய் விட்டான், இளகவில்லை. வெந்நீர் காய்ச்சி ஊற்றினான். கடைசியில் கண்ணுசாமியிடமே போய் அழுதான். அந்த மனிதர் வஞ்சகம் பார்க்கவில்லை. தச்சுப் பட்டறையில் மர மெருகுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டை வாங்கி ஊறவிடச் சொன்னார். வியாழக்கிழமை கைப்பிடி முனகிக்கொண்டே திரும்பியது. அங்கமுத்து கைப்பிடியைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

கண்ணுசாமி மட்டும் சந்தோஷப்படவில்லை. “அங்கமுத்தண்ணே, இளகின கசடு பூராம் அடியில எறங்கியிருக்கும். எண்ணெய் போற சந்துல அடைச்சுக்கும். இஞ்சினக் கீழ எறக்கிக் கழுவிப்போட்டு ஓட்டுங்க. நான் கூட நிக்கறேன்.”

“எறக்கோணுமா?”

“ஆமாங்க. எறக்காம முடியாதுங்க.”

அங்கமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு தடவை இறக்கிவிட்டால் மறுபடி ஏற விடுவார்களா? கிணற்று மேட்டில் அடித்தளம் வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். இறக்கிய இஞ்சின் நேராக அங்கேதான் போகும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதை மாற்ற அந்த ஈசனாலும் ஆகாது.

“அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்குத் தெரியும்” என்றான். தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினார்கள். பின்னால் மிட்டாதாரும் குடும்பமும் தாம்பாளங்களும். இராசிபுரம் கடைவீதியில் ஜனம் வேடிக்கை பார்த்தது. நாமக்கல்லில் சம்பந்தி வீட்டார் வாசலுக்கு ஓடி வந்தார்கள். பித்தளை விளக்கில் மாப்பிள்ளை தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். கைலாசம் பெருமை தாங்காமல், “என்ற டிரைவரு” என்று சொந்தம் கொண்டாடி அங்கமுத்துவின் தோளைத் தட்டினார். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல பகல் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

திரும்பும்போது இராசிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது.

டொக், டொக் என்று அடியிலிருந்து ஒரு மெல்லிய தட்டு. பின்னால் இருந்தவர்கள் வரப்போகிற கல்யாணச் சாப்பாட்டில் எத்தனை பலகாரம் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை. அங்கமுத்துவுக்குக் கேட்டது. காதுக்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. எண்ணெய் போகவில்லை. பேரிங் காய்கிறது.

இப்போது நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும். பேரிங்கை மாற்றிக் கழுவினால் இஞ்சின் இன்னும் இருபது வருஷம் ஓடும். ஆனால் கிணற்று மேட்டில் ஓடும். கரிப்புகையைக் குடித்துக்கொண்டு, உடம்பில்லாத உயிராக, மாடு மாதிரி. நிறுத்தாமல் போனால் வீடு போய்ச் சேரவும் சேரலாம். சேர்ந்துவிட்டால் யாரும் தொட முடியாது. இன்னும் பத்து மைல்தான் என்று மனசு சொன்னது. சாலம்மாளின் மஞ்சள் காடு நினைவுக்கு வராமலில்லை. வந்தது. அவன் அதை ஒதுக்கிவிட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டினான். மெதுவாகப் போனால் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சத்தம் பெருத்தது. “அதென்னடா?” என்றார் கைலாசம்.

“ரோட்டுக் கல்லுங்க சாமி.”

பண்ணை வேப்பமரங்கள் தெரிந்தன. கொட்டகை ஓடும் தெரிந்தது. அங்கமுத்துவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாய்க்கால் பாலத்தில் முன்சக்கரம் ஏறியபோது அடியில் ஏதோ வெடித்தது. கறுப்பு எண்ணெய் சாலையில் கொட்டியது. கார் நின்றது. இரும்புத் துண்டொன்று பாலத்துக் கல்லில் பட்டுக் கணீரென்று தெறித்து வாய்க்காலில் விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

காரை இழுக்க, கவலையில் பூட்டியிருந்த அந்த ஒரே சோடி எருதை அவிழ்த்துக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓட்டி வந்தவள் சாலம்மாள். கயிற்றைக் கட்டி, எருதின் வாலை முறுக்கி, காரைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தாள். அன்று மஞ்சளுக்குத் தண்ணீர் இல்லை.

மறுநாள் கண்ணுசாமி குனிந்து பார்த்தார். பிஸ்டன் கம்பி முறிந்து, இஞ்சினின் அடிக்கூட்டையே பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளே கையை விட்டவர் முழங்கைவரை கறுப்பாக எடுத்தார்.

“இனி இது காருக்கும் ஆகாதுங்க, கெணத்துக்கும் ஆகாதுங்க.”

கைலாசம் தானும் குனிந்து அந்தப் பிளவைப் பார்த்தார். பிறகு அங்கமுத்துவைப் பார்த்து, “நீ கேட்டது கெடைச்சுப்போச்சு. இனி ஒருத்தனும் அதைக் கழட்ட மாட்டான். வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அங்கமுத்து தாங்கியிருப்பான்.

மிட்டாதார் வேறு எருதுகளுக்கு ஆள் அனுப்பினார். கோமாரி பரவிய ஊர்களில் யார் விற்பார்கள்? தை பிறப்பதற்குள் மஞ்சள் காடு முழுவதும் வைக்கோல் நிறமாகச் சாய்ந்துவிட்டது. அங்கமுத்து பகலில் மற்ற ஆட்களோடு கிணற்றில் நின்றான். அவனும் தோள் கொடுத்துக் கயிறு இழுத்தான். உள்ளங்கை பிய்ந்தது. அதில் எத்தனை செடி பிழைக்கும்? இறைத்து ஓய்ந்ததும் கால்கள் தானாகக் கொட்டகைக்குப் போகும். துணியை எடுத்து விளக்குகளைத் துடைப்பான். கார் மினுமினுவென்று நின்றது. நிறுத்தி வைத்த காருக்கு அதைவிட அழகு வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் சாலம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மண். மடியில் எதையோ கட்டியிருந்தாள்.

“ஏனுங்க, ஒன்னு கேக்கட்டுங்களா? அன்னிக்கு அது திடீர்னா போச்சு?”

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. பாலத்தில் ஏறியபோது எதிர்பாராமல் உடைந்துவிட்டது என்று. அவனும் யாரையும் மறுக்கவில்லை. இவளிடமும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

“இல்லே புள்ளே. ராசிபுரத்துக்கு முன்னயே சத்தம் வந்துருச்சு.”

“அப்பவே நிறுத்தியிருந்தா?”

“பொழைச்சிருக்கும்.”

“கெணத்துக்கு ஆயிருக்குங்களா?”

“ஆயிருக்கும்.”

“தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாலம்மாள் கொஞ்ச நேரம் காரைப் பார்த்தாள். சக்கரம் முதல் மூடி வரை முழுதாகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதை அப்படி நின்று பார்த்ததே இல்லை. பிறகு மடியை அவிழ்த்து, விரல் பருமன்கூட ஏறாத மஞ்சள் கிழங்குகளை, வேரும் மண்ணுமாக, முன் இருக்கையில் கொட்டினாள்.

“இதையும் தொடைச்சுப் பத்தரமா வெச்சுக்குங்க” என்றாள்.