அபா அக்கோனின் வெள்ளை டப்பா

கானாவின் கேப் கோஸ்ட்டில் நான் காப்பாற்றாத முகமே கிடையாது. சரி, கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிட்டேன். காப்பாற்றியது ஒரே ஒரு முகம். அதைப் பாழாக்கியவளின் கதைதான் இது.

அபா அக்கோன் எங்கள் தெருமுனையில் தலை பின்னுகிறவள். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தாள். விரல் ஓடும், மூளை அன்றைக்கே உட்கார்ந்துவிட்டது. எந்தக் குறை என்று போனாலும் எதையாவது தடவிவிடுவாள். அவள் கடைத் தரையில் வழுக்கிய ஆடு ஒன்று கடற்கரையில் போய்த்தான் நின்றது.

இங்கே பள்ளியில் பெண்பிள்ளைகள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அதனால் பரீட்சை முடிந்து முடி விரலளவு வளர்ந்ததுமே அபாவிடம் பின்னிக்கொள்ள ஓடுவார்கள். பக்கத்து வீட்டு குகுவாவும் ஓடினாள். அபா பின்னலுக்கும் நெற்றி ஓரத்துக்கும் ஷியா கொட்டையில் எடுக்கிற ஷியா வெண்ணெயை அள்ளி அப்பினாள். வாரா வாரம் அப்பினாள். இரண்டாம் மாதம் நெற்றி முழுக்கப் பரு.

"வேர்க்கடலைச் சாறு குடிச்சியா? அதான் சூடு," என்றாள் அபா, அதே சாற்றை இரண்டாவது கிண்ணம் வழித்துக்கொண்டே. பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா ஒன்றை நீட்டினாள். "போடு கண்ணு. பத்தே நாளு."

பத்தே நாளில் பரு அமுங்கியது, முகமும் வெளுத்தது. அபாவின் பீற்றல் தாங்க முடியவில்லை. டப்பா தீர்ந்த வாரமே கன்னம், தாடையெல்லாம் எரிந்து, தடித்துப் பொங்கியது.

"இன்னொரு டப்பா போட்டா அடங்கிரும்மா."

"அத உன் புத்திக்குத் தடவுடி," என்றேன்.

குகுவாவை நர்ஸ் மிஸஸ் எசுமானிடம் இழுத்துப் போனேன்.

"தலையிலேர்ந்து வழியிற எண்ணெய்தான் துவாரத்த அடைக்குது. டப்பாவுல ஸ்டீராய்டு இருந்திருக்கும். போடுறப்ப அமுக்கும், விட்டா பொங்கும். ரெண்டையும் நிறுத்து. காலையும் ராத்திரியும் சாதா சோப்பு போட்டுக் கழுவு. கிள்ளாத, கறுப்புத் தழும்பு மாசக்கணக்குல நிக்கும். எரிச்சல் அடங்குனதும் இந்தக் களிம்ப ராத்திரில லேசா பூசு. ரெண்டு மாசமாவது பொறுக்கணும்."

"ரெண்டு மாசமா? திங்கக்கெழம ஸ்கூலு!" என்று அலறினாள் குகுவா.

விடுதிப் பள்ளி. பின்னலோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், இடமும் போய்விடும். வெட்டினால் நெற்றியை மறைக்க ஒன்றுமில்லை. பருவை மறைக்கிற பின்னல்தான் பருவை வளர்க்கிறது என்று எத்தனை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. "எனக்கு அந்த ஸ்கூலே வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் என் கத்தரிக்கோலோடு போனேன். அரை நிமிஷத்தில் பின்னல் முழுவதும் தரையில்! பிள்ளை பள்ளிக்குப் போனாள். மூன்றாம் மாதம் நெற்றி தெளிந்தது. அந்தத் திங்கட்கிழமை அபாவும் ஒட்ட வெட்டிய தலையோடுதான் திரிந்தாள். அவள் களிம்புக்கு அவள் முடியே கொட்டியிருக்கும், வேறென்ன.

விடுமுறைக்கு வந்திருக்கும் குகுவா என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள்.

"பெரியம்மா, நீங்க எங்க வெட்டுனீங்க? அபா ஆன்ட்டி விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. 'தப்பு என்னுது கண்ணு, ஒனக்கு முன்னாடி நான் வெட்டிக்கிறேன்'னு அவங்க பின்னல மொதல்ல வெட்டிக்கிட்டாங்க. அப்புறந்தான் நான் உக்காந்தேன். நீங்க வர்றப்ப ரெண்டு பேரு முடியும் தரையில கெடந்துச்சு. நீங்க கத்தரிக்கோல பையிலேர்ந்து எடுக்கவே இல்ல."