ராசாவின் வாய்க்குள் கைவிட்ட நாகேசக்கா

மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா அன்றைக்கு ஹோர்ன் அடிக்காமலே எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தினார். "தங்கச்சி, ராசாவின்ர அம்மா மோசம் போயிட்டாவாம். கிளிவெட்டியில நேத்துச் செத்தவீடும் முடிஞ்சுதாம்" என்றார். எங்கள் ஒழுங்கையில் நாய் வளர்த்த பெண்களுக்கு நாயின் பெயர்தான் பெயர். நான் ஜிம்மியின்ர அம்மா. பக்கத்து வீட்டு நாகேசக்கா ராசாவின்ர அம்மா. ராசா செத்து எத்தனையோ வருடமாகியும், அக்கா தம்பியோடு இருக்கக் கிளிவெட்டிக்குப் போன பிறகும், அந்தப் பெயர் அவரை விடவில்லை. நான் மீன் சட்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

நாகேசக்காவிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், அப்படியொரு பயந்தாங்கொள்ளியைத் திருகோணமலை கண்டிராது. இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், தந்திக்காரன் அடுத்த வீட்டுக்குப் போனாலும் பயம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ராசா கட்டிலுக்குக் கீழே ஓடும், அக்கா கட்டிலுக்கு மேலே ஏறுவார். "எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே ஈரக்குலை பிள்ளை, நடுங்கினா ஒண்டாத்தான் நடுங்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கதை முழுக்க நாய்க் கதைதான். உண்ணிக்கு வேப்பெண்ணெய் நல்லதா, சொறிக்குக் கெந்தகம் நல்லதா என்று சண்டை பிடிப்போம். வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டிலும் மரக்கறி. ஜிம்மி சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். "என்ர ராசா சைவப்பிள்ளை. பருப்புக்கும் வாலாட்டும்" என்று அக்கா பெருமையடிப்பார். அந்தச் சைவப்பிள்ளை நானாவின் மீன்பெட்டிக்குப் பின்னால் ஒழுங்கை முடியும்வரை ஓடுவதை நான் கண்டிருக்கிறேன். சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

என் மகளை நான் வயிற்றில் சுமந்திருந்த நேரம், ஒருநாள் விடிய அக்கா வேலிக்கு மேலால் கத்தினார். "ஓடி வா பிள்ளை, ராசாவுக்குத் தொண்டையில முள்ளு!" போய்ப் பார்த்தால் ராசாவின் கீழ்த்தாடை தொங்குகிறது. வாயை மூட ஏலாமல் எச்சில் நூலாய் வடிகிறது. முதல் நாள்தான் பாரை மீன் தலை அவித்துப் போட்டிருந்தார். நாய் வளர்க்கிற எவருக்கும் முள்ளென்றுதான் தோன்றும். நான் அதன் தலையை மடியில் அணைத்துத் தாடையைப் பிடித்தேன். அக்கா கையை உள்ளே விட்டுத் தொண்டைவரை துழாவினார். முள் அகப்படவில்லை. ராசா எங்களைக் கடிக்கவுமில்லை, பாவம், எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அடுத்த நாள் செத்துப்போனது.

என் கணவர் வேலைத்தலத்தில் இதைக் கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம். "வாய் தொங்கினதோ? ஐயோ, அது முள்ளில்லை, விசர்! கையை விட்டது ஆர்?" என் கணவர் உடனே சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். விசர், அதாவது வெறி, பிடித்த நாயின் எச்சில் காயத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். அதற்குப் பிறகு மருந்தில்லை. என் விரலில் தேங்காய் திருவும்போது பட்ட காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அம்மாளாச்சி, என் பிள்ளை என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தொடங்கத்தான் மருந்து இருந்தது. மற்றவருக்கு வேண்டியது கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும். "காயம் ஆருக்கு?" என்று டொக்டர் கேட்டார். நான் விரலைக் காட்டினேன். அக்கா வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தார். "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், கீறல்கூட இல்லை. இவவுக்கு முதல் போடுங்கோ" என்றார். குரல் நடுங்கியது. அவருக்கு எப்போதுமே நடுங்கும் குரல் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஊசி வயிற்றில்தான் போட்டார்கள். போட்டுவிட்டு வந்து பிள்ளை உதைக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். விடிந்ததும் அக்கா இடது கையில் செம்புத் தண்ணீரோடு வேலியடிக்கு வருவார். "குடி பிள்ளை, நான் பாக்கிறன்." நான் குடிப்பேன். பிறகு அவர் குடிப்பார், நான் பார்ப்பேன். ஒருநாள் அவருக்குப் புரைக்கேறிவிட்டது. செம்பு கையிலிருந்து விழுந்தது. "புரைக்கேறினதுதானடி, வேறொண்டுமில்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். மீண்டும் தண்ணீர் மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழுவதையும் குடித்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

ரயிலில் மருந்து வந்தது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். கீறல்கூட இல்லாத மனிசிக்கு ஏன் இந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன். தாதி அவருடைய தலைப்பை விலக்கி, "இதென்ன அக்கா?" என்று கேட்டார். மணிக்கட்டிலிருந்து நீளமாக, பொருக்குத் தட்டி, ராசாவின் பல் கீறிய கோடு.

வரும் வழியில் நான் தெருவென்றும் பாராமல் கத்தினேன். "உங்களுக்கென்ன விசரோ?" வழக்கமாக வாயில் வருகிற சொல்தான், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஒரு வேலிக்கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கீறல் இருந்தது தெரியும். அண்டைக்குப் பயத்தில கால் நிலத்தில நிக்கேல்லை. இரவிரவாய் நித்திரையில்லை. ஆனா பிள்ளை, உன்ர வயித்தில குழந்தை இருந்தது. என்ர வயித்தில பயம் மட்டும்தானே இருந்தது" என்றார்.

இருவரும் தப்பினோம். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கதைக்கவில்லை.

நானா போனபின் உள்ளே வந்தேன். மகள் குசினி அடுப்படியில் நின்று, "ஆரம்மா மோசம் போனது?" என்று கேட்டாள். அவளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். "ராசாவின்ர அம்மா" என்று சொல்லி அவள் முகத்தையே பார்த்தேன். நாகேசக்காவின் பொருளொன்றும் என்னிடம் இல்லை, ஒரு படம்கூட இல்லை. இவள் இருக்கிறாள்.